கட்டுநாயக்கவுக்கு முன்னால் ஓர் எல்லை

பேராதனையில் என்னோடு கலைப்பீடத்தில் படித்து, இப்போது ரொறன்ரோவில் பேரப்பிள்ளைகளோடு வாழும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிப்பு இரண்டு நிமிடம். கோபம் இருபது நிமிடம். "களவெடுத்தவனும் கொலை செய்தவனும் விமானம் ஏறிவிட்டால் போதும். இந்த வெளிநாடுகள் அவர்களை மடியில் வைத்துத் தாலாட்டுகின்றன. மனித உரிமை என்று ஒரு குடையை வேறு பிடிக்கின்றன. நீங்கள் பத்திரிகைக்காரர் இதைப்பற்றி ஒன்றும் எழுதமாட்டீர்களா?" என்று கேட்டார்.

எழுதுகிறேன். ஆனால் நண்பர் எதிர்பார்த்தபடி அல்ல. அவருடைய கோபம் நியாயமானது. கோபத்தை அனுப்பிய முகவரிதான் பிழையானது என்பது என் கட்சி.

நான் பதுளைக்காரன். ஊவா மாகாணத்தில் பிராந்திய நிருபராக இந்தத் தொழிலுக்குள் நுழைந்தவன். 1998ஆம் ஆண்டு, பதுளையிலிருந்து பசறை போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்தின் தலைவர் என்னைத் தேடி வந்தார். தோட்டத்துப் பெண்கள் மூவர் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போவதற்காக ஓர் ஏஜென்டிடம் பணமும் கடவுச்சீட்டும் கொடுத்திருந்தார்கள். காதில் கழுத்தில் இருந்ததை அடகுவைத்த பணம். ஆறு மாதமாகியும் பயணம் இல்லை. "தம்பி, நீங்க கூட வந்தா பொலிஸில கொஞ்சம் மதிப்பாங்க" என்றார் தலைவர். போனேன்.

மதித்தார்கள்தான். எனக்கு மட்டும் கதிரை கிடைத்தது. பெண்கள் வாசலில் நின்றார்கள். அன்றைக்கு அதிகாரி இல்லை. "ஹெட்ட என்ன" என்றார் மேசையில் இருந்தவர். நாளைக்கு வா என்று அர்த்தம். தோட்டத்து மக்களுக்குச் சிங்களத்தில் முதலில் மனப்பாடமாகும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். மூன்று வாரத்தில் நான்கு முறை போனோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்களுக்கு அரைப் பேர் போயிற்று. நான்காவது முறை அதிகாரி இருந்தார். கையை விரித்தார். ஏஜென்ட் முந்தின கிழமையே நாட்டைவிட்டுப் போய்விட்டானாம். "வெளிநாட்டுக்குப் போனவனை நாங்கள் எப்படிப் பிடிப்பது?"

கதை அத்தோடு முடிந்திருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அந்தப் பெண்களின் வாக்குமூலப் பிரதி ஒன்று பிறகு என் கைக்குக் கிடைத்தது. சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது, கீழே தமிழில் மூன்று கையொப்பங்கள். என்னைவிட நன்றாகச் சிங்களம் வாசிக்கும் சக நிருபர் ஒருவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூவரும் அந்த மனிதருக்கு விரும்பிக் கைமாற்றுக் கொடுத்ததாகவும் அதைத் திருப்பித் தரவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. வேலைவாய்ப்பு மோசடி இல்லை. கடவுச்சீட்டு என்ற சொல்லே இல்லை. குற்றம் ஒரு கடன் தகராறாக உருமாறிவிட்டது. கடன்காரனைப் பிடிக்க எந்த நாட்டுப் பொலிஸ் வரும்? எந்த நீதிமன்றம் அவனைத் திருப்பி அனுப்பும்?

அந்த மனிதன் கட்டுநாயக்கவில் குடிவரவு குடியகல்வு முத்திரை குத்தப்பட்ட நாளில் நாட்டைவிட்டுப் போனான் என்பது ஏட்டில் உள்ள செய்தி. அவன் உண்மையில் எல்லையைத் தாண்டியது அந்தப் பொலிஸ் நிலையத்தின் மேசையில், அந்த வாக்குமூலம் எழுதப்பட்டபோது.

இது சின்னக் கதை. பெரிய கதை ஒன்றை நாடே பார்த்தது.

2015 மே 13ஆம் திகதி புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி கடத்தப்பட்டுப் படுகொலை செய்யப்பட்டதை வாசகர் எவரும் மறந்திருக்க முடியாது. பிரதான சந்தேகநபர் சுவிற்சர்லாந்திலிருந்து வந்தவர். ஊரும் பத்திரிகைகளும் அவரை 'சுவிஸ் குமார்' என்றே அழைத்தன. ஊர் மக்கள் பிடித்த மனிதர் அவர். ஆனால் பொலிஸாரின் கைக்கு வந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து நழுவிக் கொழும்பு போய்ச் சேர்ந்தார். மே 19ஆம் திகதி வெள்ளவத்தையில் அகப்பட்டார். யாழ்ப்பாணம் கொதித்தது, அதனால் அகப்பட்டார் என்பதே என் கணிப்பு. வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்க ஒன்றரை மணி நேரப் பயணம்.

2017 செப்டெம்பர் 27ஆம் திகதி மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. சுவிஸ் குமார் அவர்களில் ஒருவர். அவர் தப்பிச் செல்ல உதவினார் என்ற குற்றச்சாட்டில் அப்போது வடக்கில் பணியாற்றிய சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் லலித் ஜயசிங்க 2017 ஜூலையில் கைதானார். 2025 பெப்ரவரியில் வவுனியா மேல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு நான்கு வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தது. கொலை வழக்கு முடிய இரண்டேகால் வருடம். கொலையாளிக்குக் கதவு திறந்துவிட்ட வழக்கு முடிய ஏறத்தாழப் பத்து வருடம். இந்தக் கணக்கை நண்பர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. லலித் ஜயசிங்கவோடு சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்ட உப பொலிஸ் பரிசோதகர் ஒருவர் அகப்படவே இல்லை. அவர் நாட்டைவிட்டே தப்பிவிட்டார் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லப்பட்டது. அவர் இல்லாமலேயே வழக்கு நடந்தது. அதாவது, சந்தேகநபரை வெளிநாட்டுக்குத் தப்பவிட முயன்றார்கள் என்ற வழக்கில், சந்தேகநபர் உள்ளே இருக்கிறார், பொலிஸ்காரர் வெளிநாட்டில்! வேலி பயிரை மேய்ந்த கதை பழங்கதை. இங்கே வேலி திருடனுக்கு ஏணியும் வைத்து, பிறகு அதே ஏணியில் தானும் ஏறிப் போய்விட்டது.

இன்னும் ஒருவர் போனார். அந்த வழக்கைத் துப்புத் துலக்கியதில் முக்கிய பங்கு வகித்த குற்றப் புலனாய்வுத் திணைக்கள அதிகாரி நிஷாந்த சில்வா. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஏறத்தாழ ஒரு கிழமையில் குடும்பத்தோடு சுவிற்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பத்திரிகையாளர் லசந்த விக்கிரமதுங்க கொலை உள்ளிட்ட விசாரணைகளும் அவர் கையில் இருந்தவை. குற்றவாளி ஓட நினைத்த நாட்டுக்குத் துப்பறிந்தவர் ஓடினார். ஓடுவது யார், துரத்துவது யார் என்று வெளிநாட்டு நீதிபதி ஒருவர் குழம்பினால் அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

இனி நண்பர் சொன்ன அந்த மனித உரிமைக் குடைக்கு வருவோம்.

ஒருவரை வெளிநாட்டிலிருந்து சட்டப்படி கொண்டுவருவது எளிய வேலை அன்று. நம்மிடம் 1977ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க ஒப்படைத்தல் சட்டம் இருக்கிறது. குற்றவியல் விடயங்களில் பரஸ்பர உதவிக்கு 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இன்டர்போலின் சிவப்பு அறிவித்தலைப் பலர் பிடியாணை என்று நினைக்கிறார்கள். அது ஒரு வேண்டுகோள் மாத்திரமே, அதன்மீது என்ன செய்வது என்பதை அந்தந்த நாடு தன் சட்டப்படி முடிவு செய்யும். கோவை பொலிஸிடமிருந்து சட்டமா அதிபருக்குப் போய், வெளிவிவகார அமைச்சு வழியாகக் கடல் கடந்து, அங்கே ஒரு நீதிபதியின் மேசைக்குப் போகிறது. அவர் கேட்கும் கேள்விகள் சில. குற்றம் எங்கள் நாட்டிலும் குற்றமா? சாட்சியம் இருக்கிறதா? தூக்கில் போடுவீர்களா? சித்திரவதை செய்வீர்களா?

முதற் கேள்வி பெரும்பாலும் சிக்கலில்லை. இரண்டாவது கேள்விக்கான விடை 1998இல் நான் வாசிக்கக் கேட்ட வாக்குமூலம் போன்றவற்றில் இருக்கிறது. மூன்றாவதற்கு, 1976க்குப் பிறகு நாம் எவரையும் தூக்கிலிடவில்லை என்று சொல்லித் தப்பலாம். தப்பிக்கொண்டும் இருந்தோம். 2019 ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனையை நிறைவேற்றும் பத்திரத்தில் ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தடுத்தது. ஆனால் இனி எந்த வெளிநாட்டு வழக்கறிஞரும் அந்த ஒப்பத்தைக் காட்டி வாதாடலாம்.

நான்காவது கேள்விதான் நம் கழுத்தை நெரிக்கிறது.

மாக்கந்துரே மதூஷ் என்ற பாதாள உலகப் புள்ளி 2019 மே மாதம் டுபாயிலிருந்து கொண்டுவரப்பட்டபோது பெரிய வெற்றி என்று தலைப்புப் போட்டோம், நானும்தான் போட்டேன். 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி, மாளிகாவத்தையில் போதைப்பொருள் காட்ட அழைத்துச் சென்ற இடத்தில், பொலிஸ் காவலில் இருந்தவாறே அவர் சுடப்பட்டு இறந்தார். எதிர்த்தரப்புத் துப்பாக்கிச் சூடு என்றது பொலிஸ். அந்த மனிதருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் வடிக்கவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகை நறுக்கு ஒன்றை இலண்டனிலோ பாரிஸிலோ ஒரு நீதிமன்றத்தில் வைத்தால், அடுத்த பத்து சந்தேகநபர்களுக்கு அதுவே காப்புறுதி.

இது நமக்கு மட்டும் உரிய அவமானம் என்றும் எண்ண வேண்டாம். இந்தியாவிலிருந்து வெளியேறி இலண்டனில் இருந்த ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை ஒப்படைக்க முடியாது என்று 2025 பெப்ரவரியில் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திகார் சிறையில் அவருக்குப் பணம் பறிப்பும் அச்சுறுத்தலும் வன்முறையும் நேரக்கூடிய உண்மையான அபாயம் இருக்கிறது என்பது முக்கிய காரணங்களில் ஒன்று. கோடீஸ்வரர்மீதான வரி ஏய்ப்பு வழக்கு. அவரைக் காத்தது, ஏழைக் கைதிகளுக்கு அந்தச் சிறை பெற்றுத்தந்த பெயர்.

இங்கேதான் என் ஊர் வருகிறது.

2023 மே 11ஆம் திகதி, பதுளையைச் சேர்ந்த நாற்பது வயது கடந்த ஒரு தமிழ்ப் பெண் கொழும்பு வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருந்த நிலையில் இறந்தார். வசதியான ஒரு வீட்டில் பணிப்பெண். தங்க நகை காணாமற்போனதாக வீட்டார் முறையிட்டார்கள். அவருக்கு யாரும் "ஹெட்ட என்ன" என்று சொல்லவில்லை. முறைப்பாடு கொடுத்தவர் பெரிய இடம் என்றால் பொலிஸ் எத்தனை சுறுசுறுப்பானது! உடம்பில் காயங்கள் இருந்தன. பொலிஸார் சிலர் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார்கள், விவகாரம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல்தான் ஊவாவின் லயங்களிலிருந்து பெண்கள் கொழும்பு வீடுகளுக்கு ஏறிப்போகிறார்கள்.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு மரணம். பதுளை மாவட்டம் மீகஹகிவுலயைச் சேர்ந்த இருபத்தாறு வயது இளைஞர், சிங்களவர். காவலில் எடுத்தது அதே வெலிக்கடைப் பொலிஸ். கூண்டுக்குள் தானே தன்னைக் காயப்படுத்திக்கொண்டார் என்று விளக்கம் வந்தது. புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறு பிரேத பரிசோதனை செய்யும் நிலை வந்தது. இரண்டு ஆண்டு இடைவெளியில், ஒரே மாவட்டத்தின் இரண்டு ஏழைகள், ஒரே பொலிஸ் நிலையம். இந்த விடயத்தில் அந்தக் கூண்டு இனம் பார்க்கவில்லை.

நம் நாட்டில் சித்திரவதைக்கு எதிரான சட்டம் இல்லாமலில்லை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் ஆகக் குறைந்தது ஏழு வருடச் சிறை என்கிறது. அதன்கீழ் உள்ளே போன பொலிஸாரை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2023 டிசெம்பரில் ஓர் அடிப்படை உரிமை மீறல் வழக்கில், சந்தேகநபர் ஒருவர் சித்திரவதைக்கு உள்ளானதற்குப் பொறுப்பானவர்களுள் தேசபந்து தென்னக்கோனும் ஒருவர் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அடுத்த பெப்ரவரியில் அவரையே பொலிஸ் மா அதிபர் ஆக்கினார்கள். 2025இல் வெலிகம துப்பாக்கிச் சூட்டு விவகாரத்தில் அவரைக் கைது செய்ய மாத்தறை நீதவான் உத்தரவிட்டபோது அவர் ஏறத்தாழ மூன்று வாரம் தலைமறைவாகிவிட்டு மார்ச் 19ஆம் திகதி தாமாகவே நீதிமன்றத்துக்கு வந்தார். ஓகஸ்டில் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது; நல்லது. ஆனால் தன் தலைவனையே இந்தச் சிறு தீவுக்குள் கண்டுபிடிக்க முடியாத பொலிஸ், ஏழு கடல் தாண்டியவனைத் தேடுகிறதாம்.

ஆக, வெலிக்கடையில் ஒரு பதுளைப் பெண்ணின் உடம்பில் விழுந்த அடி அந்தக் கூண்டோடு முடியவில்லை. அது அறிக்கையாகிறது, அறிக்கை ஜெனீவாவுக்குப் போகிறது, அங்கிருந்து வெளிநாட்டு நீதிமன்றக் கோவைக்குப் போகிறது, அங்கே கோடிகளோடு தப்பியவனின் வழக்கறிஞர் அதைக் கையில் எடுத்து, "என் கட்சிக்காரரை அனுப்பினால் இதுதான் நடக்கும், கனம் நீதிபதி அவர்களே" என்கிறார். உயிரோடு இருந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஒரு வழக்கறிஞர் கிடைக்கவில்லை. அவள் சாவு, தப்பியோடியவனுக்குச் சாட்சி சொல்கிறது. சித்திரவதைக்குச் சப்பைக்கட்டுக் கட்டும் நம்மவர்கள் இதை ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை. "அடிக்காமல் உண்மை வருமா?" என்று கேட்கிறார்கள். அடித்தபடியால்தான் ஆள் வரவில்லை.

அந்த வெளிநாட்டுச் சட்டத்தை ஏச எனக்கு நா எழாது, நண்பருக்கும் எழக்கூடாது. 2008 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு தமிழரை பிரித்தானியா இலங்கைக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சித்திரவதை அபாயம்தான் அங்கும் காரணம். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தக் கோட்பாட்டின் நிழலில் உயிர் பிழைத்தார்கள்! இன்று அதே நிழலில் கள்வன் வந்து ஒதுங்குகிறான் என்பதற்காக மரத்தை வெட்டச் சொல்வதா? ரொறன்ரோவில் உட்கார்ந்துகொண்டு?

"அப்படியானால் ஒருவரையும் கொண்டுவர முடியாதா?" என்று கேட்பீர்கள். முடியும். 2025 ஓகஸ்டில் கெஹெல்பத்தர பத்மே குழுவினர் ஜகார்த்தாவில் அகப்பட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். புதுக்கடை நீதிமன்றத்துக்குள் நடந்த கொலையில் தேடப்பட்ட இஷாரா செவ்வந்தி அதே ஆண்டு ஒக்டோபரில் நேபாளத்திலிருந்து வந்து சேர்ந்தார். அரசு மனம் வைத்தால் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அதிகாரிகளைப் பாராட்டவும் செய்கிறேன். ஆனால் அவை அண்டை ஆசிய நாடுகளின் பொலிஸாரோடு பேசி முடித்த காரியங்கள். பணமும் பிரஜாவுரிமையும் நல்ல வழக்கறிஞரும் உள்ளவனிடம் இந்த வழி செல்லாது. 2015 பெப்ரவரி பிணைமுறி விவகாரத்தில் தேடப்படும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரன் சிங்கப்பூர்ப் பிரஜை. 2018இல் பிடியாணை பிறந்தது, அரசுகள் பல மாறிவிட்டன, அவர் வரவில்லை. ஆணைக்குழு விசாரித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் வந்து போய்க்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஓட வேண்டிய அவசியமே இல்லாதவர்களும் உண்டு. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி எங்கள் பண்டாரவளை, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ அறுபது பொலிஸார் அந்த இடத்தில் இருந்தார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை. அவர்களில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்துக்குள் மேன்முறையீட்டில் ஐவருமே விடுதலை. செய்தி சேகரிக்க அங்கே போனவன் நான். அந்தக் காட்சியை இங்கே எழுதப் போவதில்லை. கொன்றவர்களில் எவரும் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்ததாக நான் கேள்விப்படவில்லை.

நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்?" என்றார்.

வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு முன்னால் பதாகை பிடிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, நம் நாட்டு அமைச்சரிடம் இரண்டு காரியம் கேளுங்கள் என்றேன். முறைப்பாட்டாளர் பேசும் மொழியில் வாக்குமூலம் எழுதப்பட்டு, அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, பிரதி அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும். அரசியலமைப்பு தமிழை அரச கரும மொழியாக்கி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊவாவின் பொலிஸ் நிலையங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாவது, காவலில் நடக்கும் மரணங்களை அந்தப் பொலிஸோ அதன் பக்கத்துப் பொலிஸோ விசாரிக்கக் கூடாது. பொலிஸுக்கு வெளியே உள்ள ஒரு புலனாய்வுக் குழு விசாரிக்க வேண்டும். பெரிய கோரிக்கைகள் இல்லை. இந்த இரண்டும் இருந்திருந்தால் அந்த ஏஜென்ட் 1998இல் பதுளையைத் தாண்டியிருக்க மாட்டான். தாண்டியிருந்தாலும் துரத்திப் பிடிக்க ஒரு கோவையாவது மிஞ்சியிருக்கும்.

அந்த மூன்று பெண்களைப் பற்றியும் நண்பர் கேட்டார். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் பிள்ளைகளோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார். மூன்றாமவரைச் சென்ற தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பார்த்தேன். மகள் வெளிநாடு போவதற்குப் பணம் கட்டியிருப்பதாகச் சொன்னார். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். சிங்களத்தில் இருந்தது.